கண்ணாடிக் கடைக்காரரின் வலது கண்

கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடம். அதில் ஓர் அறையின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. மேசைமேல் கண்ணுக்குள் படம் எடுக்கிற கேமராவும் ஒரு லேப்டாப்பும். கேமராவுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர் மாதிரி காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர் சலீம்.

போன வாரம் இந்தத் தொடரில் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய கதையை எழுதியதற்காக அவர் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இந்த வாரம் அவருடைய கண்ணைப் பற்றி எழுதுகிறேன். பேசாமல் இருந்தால் இருக்கட்டும். வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

அன்று மலையில் இலவசக் கண் முகாம். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நித்யா என்ற டாக்டர் வந்திருந்தார். சின்ன வயசு, பெரிய பொறுமை. படிக்கிற கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்கு அங்கேயே எடுத்துக் கொடுப்பதற்காக, கள்ளக்குறிச்சியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன வேனில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனோம்.

கண்ணாடி வாங்க எல்லோரும் வந்தார்கள். கண்ணுக்குள் படம் எடுக்கத்தான் யாரும் வரவில்லை. சர்க்கரை இருக்கிறவர்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சொல்லி டாக்டருக்குத் தொண்டை கட்டிப்போனது. கண்ணுக்குள் பார்க்க வேண்டுமென்றால் முதலில் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அதுதான் தகராறு.

"சாமை அறுத்துப் போட்டது அப்படியே கெடக்குது பாயம்மா. கண்ணு மங்கிப்போச்சின்னா மேட்டுல எப்பிடி ஏறுறது?" என்றாள் வரிசையின் முன்னால் நின்ற சின்னப்பொண்ணு. என் வயசு இருக்கும். அவளுக்கும் சர்க்கரை, அவள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. அவர் அவளுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நாலு பேர் கூடி நின்றால் என் வீட்டுக்காரரால் சும்மா இருக்க முடியாது. "இதுக்கு இன்னாம்மா இவ்ளோ யோசன? மொதல்ல நான் போட்டுக்கினு உக்கார்றேன். நான் வேன ஓட்டிக்கினு மலை எறங்கணும். எனக்கே பயம் இல்ல, ஒங்களுக்கு இன்னா?" என்று சட்டையை உதறிக்கொண்டு முன்னால் போனார்.

மருந்து விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டே ஊர்க்கதை பேசினார். அறை முழுக்கப் பலாப்பழ வாசனை. யாரோ டாக்டருக்கென்று அறுத்துக் கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

லேப்டாப்பில் ஆரஞ்சுப் பழ நிறத்தில் வட்டமாக ஒரு படம் வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அதுவரை பேசிக்கொண்டே இருந்த டாக்டர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அது இன்னா, அங்கங்க செவப்பு செவப்பா?" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் சின்னப்பொண்ணு.

அதற்கு டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கைக்கு எட்டிய கண்ணாடி

கடை என் மாமனார் காலத்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் கண்ணாடி என்றாலே ஊரில் வயசானவர்கள் சமாச்சாரம். ஒரு வீட்டுக்கு ஒரு கண்ணாடி இருந்தால் பெரிய விஷயம். களமருதூரிலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வருவார். அவருக்குப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால், வாசல்படி இறங்குவதற்குள் அந்த அம்மா அதை வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, "எனக்கும் நல்லாத்தான் இருக்குது, ஒன்னே போதும்" என்பார். மாமனாருக்குத் தலையில் அடித்துக்கொள்வதே வேலை.

நான் லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான். சக்கரம் சுற்றும்போது தெறிக்கிற தண்ணீரும் கண்ணாடிப் பொடியும் கலந்த ஒரு வாசனை உண்டு. எனக்கு மல்லிகைப்பூவைவிட அது பிடிக்கும்.

இப்போது என் வீட்டுக்காரரின் கதைக்கு வருகிறேன். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுவார், நினைப்பு வந்தால். ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னாலிருந்தே டீயில் சர்க்கரை கிடையாது, சோறு பாதி, சாயங்காலம் நடை. ரிசல்ட் நன்றாக வரும். வந்த அன்றைக்கே பிரியாணிக் கடையில் உட்கார்ந்துவிடுவார். "பாத்தியா, சுகரு கம்மிதான்" என்று என்னிடம் பெருமை வேறு. பரிட்சைக்குப் படிக்கிற பையன்கூட இவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்ற மாட்டான். இதில் ஏமாந்தது யார் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்குப் பார்வை மங்கினால் பயந்துகொண்டு டாக்டரிடம் போவார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தப் பயமே வராது. கையை நீட்டினால் கண்ணாடி. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் ஒரு பவர் கூட்டி எடுத்து மாட்டிக்கொள்வார். மறுநாள் அது ஒத்துவராது, இன்னொன்று எடுப்பார். காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று சட்டைப் பையில் கண்ணாடிகள் இடித்துக்கொண்டு கிடக்கும்.

"ஏங்க, காலைல ஒரு பவரு சாயங்காலம் ஒரு பவரு யாருக்காச்சும் இருக்குமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சரக்கு சரியில்ல பர்வீன். கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்றார்.

சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வையும் கூடவே ஏறி இறங்கும் என்பது எனக்குப் பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரியும். கண்ணாடி விற்கத் தெரிந்தவர்களுக்குக் கண்ணைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆசாரியோடு சண்டை

முகாமுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் கடையில் புது அலமாரி வைத்தோம். எலவனாசூர்கோட்டையிலிருந்து கோவிந்தன் ஆசாரி வந்து செய்தார். தங்கமான வேலைக்காரர். அதிகம் பேச மாட்டார். அலமாரி வழவழவென்று வந்திருந்தது.

என் வீட்டுக்காரர் தள்ளி நின்று, ஆசாரி மாதிரியே இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆசாரி, நடுத்தட்டு வளைஞ்சிக்கினு இருக்குது பாருங்க."

ஆசாரி ரசமட்டத்தை எடுத்துத் தட்டின்மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி நட்டநடுவில் நின்றது. "நேராத்தான் இருக்குது பாய்."

"ஒங்க ரசமட்டமே கோணலு. நான் சொல்றேன், வளைஞ்சிருக்குது. எனக்குக் கண்ணு இல்ல?"

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கட்டினவர் சொல்லும்போது கடையில் வைத்து நான் என்ன பேச முடியும்? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆசாரி பெருமூச்சு விட்டுத் தட்டைக் கழற்றினார். அதைத் துடைத்தார். மறுபடியும் அதே இடத்தில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரின் வலது கண்ணில் மரத்தூள் விழுந்து, அதைக் கசக்கிக்கொண்டே இடது கண்ணால் பார்த்தார். "ஆங், இப்ப நேரா இருக்குது. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்ல?" என்றார்.

ஆசாரி கருவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் தெரு முனை திரும்புகிறவரை அடக்கிக்கொண்டிருந்து, பிறகு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

திரையில் ஒரு கசிவு

மலைக்குத் திரும்புவோம். டாக்டர் நித்யா படத்தைப் பெரிதாக்கினார்.

"பாய், கடைசியா எப்ப கண்ணுக்குள்ள பரிசோதன பண்ணீங்க?"

"நான் தெனமும் கண்ணுதானே டாக்டர் பாக்குறேன்."

"மத்தவங்க கண்ணு. உங்க கண்ணு?"

டாக்டர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். கண்ணுக்குப் பின்பக்கம் ரெட்டினா என்று ஒரு மெல்லிய திரை இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. சர்க்கரை வருஷக்கணக்காகக் கூடிக் குறைந்துகொண்டே இருந்தால், அந்தத் திரையில் ஓடுகிற மயிரிழை மாதிரியான ரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியும். சிவப்புப் புள்ளிகள் கசிந்த ரத்தம். வலிக்காது, உறுத்தாது. ஆரம்பத்தில் பார்வைகூட நன்றாகவே இருக்கும். திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கிய பிறகுதான் மங்கும்.

"ஒங்க வலது கண்ணுல நடுவுல வீங்க ஆரம்பிச்சிருக்கு பாய். கண்ணாடி முன்னாடி இருக்கிறது. கோளாறு பின்னாடி. எந்தக் கண்ணாடி போட்டும் இது சரியாகாது."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது டாக்டர்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா நல்ல கண்ணு மத்ததுக்கும் சேத்து வேல பாத்துடும். மருந்து விட்டதால கொஞ்சம் மங்கும், பரவால்ல. இடது கண்ண மூடிக்கிட்டு அந்தக் கரும்பலகையோட ஓரத்தப் பாருங்க."

மூடிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கரும்பலகையின் சட்டம் நடுவில் வளைந்து தெரிந்திருக்கிறது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பி, "பர்வீன், ஆசாரிகிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாகச் சில மாதங்கள், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி என்றதும் அறையில் எல்லோரும் தங்கள் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் அசைந்தது சின்னப்பொண்ணுதான். "கண்ணாடிக்கடை பாய்க்கே தெரியலின்னா நமக்கு எங்க தெரியப்போவுது? சாமை நாளைக்குப் பாத்துக்கலாம். எனக்குப் போடுங்க சொட்டு" என்று முக்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் ஒளிந்திருந்த வீட்டுக்காரரையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வரிசை வாசலைத் தாண்டிப் போனது.

வேன் மலையிலேயே நின்றது. மருந்து விட்ட கண்ணோடு வளைவுகளில் அவரை ஓட்டவிட எனக்குப் பைத்தியமா? பஸ்ஸில் இறங்கினோம். வெயில் கண்ணில் குத்துகிறது என்று என் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கச்சிராயபாளையம் வருவதற்குள் கண்டக்டருக்கு முழு விவரமும் தெரிந்துவிட்டது.

சாக்குப்போக்கு

ஊசிக்குப் போனாரா? எங்கே போனார்.

முதல் வாரம், சரக்கு வருகிறது என்றார். அடுத்த வாரம் மச்சான் வீட்டுக் கல்யாணம். அதற்கடுத்து ஜலதோஷம். பிறகு கட்டைவிரலில் நகச்சுத்தி. "நகச்சுத்திக்கும் கண்ணுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்றால், "ஒடம்புன்னா எல்லாம் ஒன்னுதானே" என்பார். இந்த ஞானம் பிரியாணி சாப்பிடும்போது எங்கே போயிருந்ததோ.

நான் கத்தினேன். பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன். கடையிலிருந்த படிக்கிற கண்ணாடி அத்தனையையும் அலமாரியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனிமேல் ஒரு பவர் மாற்றக்கூடாது, பார்ப்பதானால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

உண்மை எனக்குத் தெரியும். அவருக்குப் பயம். ஊரில் எத்தனையோ பேர் மூக்கில் கண்ணாடி மாட்டி, காது மடலைத் தொட்டு, "பயப்படாதீங்க, பழகிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், தன் கண்ணுக்குள் ஊசி போகும் என்று நினைத்து நடுங்கிப்போயிருந்தார். தொழுதுவிட்டுக் கையேந்தும்போது எனக்கு அழுகைதான் வந்தது. பார்வை போன சலீமை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த மனுஷன் பேச்சில் பாதி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வருவது.

மலை இறங்கி வந்தது

நான் கத்தி நடக்காததை மலைக்காரர்கள் விசாரித்தே நடத்திவிட்டார்கள்.

அவர் கண், ஓர் அறை நிறைய ஆட்கள் பார்த்த கண் அல்லவா? மரவள்ளி விற்க வந்தவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பாய், அந்தச் செவப்பு போச்சா?" என்றார். தாலுகா ஆபீஸுக்கு வந்த பெண்கள் எட்டிப் பார்த்து, "ஊசி போட்டாச்சா பாய்?" என்றார்கள். மலை பஸ் கண்டக்டர் ஓடுகிற வண்டியிலிருந்து கையாலேயே கண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போவார். வாடிக்கையாளர்கள் முன்னால் இவர் நெளிவார். சங்கராபுரத்துக்குச் சரக்குப் போடப் போன இடத்தில்கூட ஒருவர் பிடித்துக்கொண்டாராம்.

ஒரு நாள் சின்னப்பொண்ணு வந்தாள். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன். பாய்க்கு என்று நீட்டினாள். அவர் கை நீளுவதற்குள் நான் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

"போட்டுக்கினீங்களா பாய்?"

"போடணும்மா. இன்ஷா அல்லா, அடுத்த வாரம்."

"எங்க வூட்டுக்காரருக்கும் செவப்பு இருக்குதுன்னாங்க. அவரு போயி வைத்தியம் பாத்துக்கினு வந்துட்டாரு. தெரியுமா?"

"அப்பிடியா?"

"நீங்க மொதல்ல உக்காந்தீங்க, அதப் பாத்துதான் நாங்க உக்காந்தோம். இப்ப நீங்களே போவலின்னா, வர்ற முகாமுக்கு எங்க ஊருக்காரங்கள எல்லாம் நான் எப்பிடி கூப்புடுறது? பாயே பயந்துக்கினு ஓடிட்டாருன்னு சொல்லவா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசனை கேட்கிற மாதிரி கேட்டாள். இவர் கல்லாவில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

மறுநாள் காலை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு வாசலில் நின்றார். "கெளம்பு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

துஆவும் ஊசியும்

ஆஸ்பத்திரியில் வலது புருவத்துக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பச்சைத் தொப்பி மாட்டி உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே உட்கார்ந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே நடந்து வந்தார். முகமெல்லாம் பல்.

"மரத்துப்போற சொட்டு விட்டாங்க. ஊசி போனதே தெரில. எறும்பு கடிகூட இல்ல."

"அப்ப அந்தச் சத்தம்?"

"அது துஆ. கொஞ்சம் சத்தமா ஓதிட்டேன்."

அடுத்தடுத்த மாதங்களில் அவரே தேதி சொல்லிப் புறப்பட்டார். காத்திருக்கும் ஆட்களுக்கு ஊசியைப் பற்றி அவர் பேசிய பேச்சைக் கேட்டால், கண்டுபிடித்ததே அவர்தான் என்று நினைப்பீர்கள். வீட்டில் சாப்பாடு என் ராஜ்ஜியம் ஆனது. சோறு குறைந்தது, கீரை ஏறியது, மாத்திரைக்கு நேரம் வந்தது, ரத்த அழுத்தமும் பார்த்தோம். பரிசோதனைக்கு முன்னால் நடிக்கிற வேலையெல்லாம் முடிந்தது.

இடையில் எலவனாசூர்கோட்டைக்கு ஒரு பயணம். கோவிந்தன் ஆசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கே எனக்குத் தெரியும் பாய், கோணல் எங்கியோ இருக்குதுன்னு" என்றார். டீ குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வளைந்த கோடுகள் நிமிர்ந்தன. முழுசாகப் பழையபடி ஆகுமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் போகவிருந்தது நின்றுவிட்டது, போனதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. எங்களுக்கு அது போதும்.

என்னைக் கூப்பிட்டார்கள்

அடுத்த வருஷம் அதே மலை, அதே பள்ளிக்கூடம். நாங்கள் வேனிலிருந்து இறங்குவதற்குள் சின்னப்பொண்ணு சத்தம் கொடுத்தாள். "மொதல்ல பாயோட கண்ணக் காட்டுங்க. அப்பறம்தான் நாங்க."

டாக்டர் நித்யா போன வருஷப் படத்தையும் ஆஸ்பத்திரியில் புதுசாக எடுத்த படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சிவப்புப் புள்ளிகள் அங்கொன்று இங்கொன்றாகக் குறைந்திருந்தன. "கொறைஞ்சிருக்குது, நெசந்தான்" என்று யாரோ தீர்ப்புச் சொன்னார். கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி கும்பிடு போட்டார். எனக்குச் சந்தோஷத்தில் மூக்கு அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்கும் சுகர் இருக்குதுன்னு பாய் சொன்னாரே. நீங்க ஒரு தடவகூட உக்காரலயே."

எனக்கும் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது. இந்தத் தொடரில் இதுவரை அதை எழுதவில்லை. அவருடைய கண்ணின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்ததில் என் கண் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொல்லலாம். உண்மையில் பயம்தான்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அறை முழுக்கச் சிரித்தது. சின்னப்பொண்ணு என் தோளைப் பிடித்து முக்காலியில் அழுத்தினாள்.

சொட்டு சுரீர் என்றது. பிறகு வெளிச்சம், இரண்டு கண்ணுக்கும். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். இருட்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

"ரெண்டும் சுத்தமா இருக்குதுக்கா. சுகர இப்படியே வச்சுக்குங்க. வருஷா வருஷம் வந்து உக்காரணும்."

பிடித்த கையை விட எனக்கு மனசு வரவில்லை. அவர்தான் மெதுவாக விடுவித்துக்கொண்டு லேப்டாப்புக்குப் பக்கத்தில் போனார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் என் படத்தைப் பார்த்தார். ஒவ்வொரு நரம்பாகப் பார்க்கிறவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத் தெரியுது பர்வீன். அழகாத்தான் இருக்குது" என்றார். "இத்தன வருஷமா இந்தக் கண்ண வச்சிக்கினுதான் என்னிய மொறச்சியா?"

மருந்து விட்ட கண்ணுக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்து முறைத்தேன்.